திருகோணமலையிலிருந்து வெளிநாட்டுப் பயணம்: வீட்டிலேயே சூட்கேஸைச் சரியாகக் கட்டுவது எப்படி?

நம் ஊரிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் 250 கிலோமீற்றருக்குக் கிட்ட. கொழும்பில் இருப்பவர்களுக்கு கவுண்டரில் நிறை கூடிவிட்டால் ஒரு போன் போதும், யாராவது வந்து மிச்சச் சாமானை வாங்கிக்கொண்டு போவார்கள். நமக்கு அது நடக்காது. ஹபரணைக் காட்டுப் பாதையில் யானை இறங்கும் நேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று, வான் வண்டியில் கொண்டுவந்து விட்டவர்கள் உடனே கிளம்பியிருப்பார்கள். மிஞ்சுவது இரண்டு வழிதான்: காசு கட்டுவது, அல்லது அம்மா இடித்துக் கொடுத்த தூளைக் குப்பைத் தொட்டியில் போடுவது. எந்தத் தாயும் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விசா, பாஸ்போர்ட் விஷயங்களுக்குள் போகவில்லை. சாமான் மட்டும்.

முதலில் டிக்கெட்டைப் படியுங்கள்

சூட்கேஸைத் திறக்க முன் டிக்கெட்டை அச்சிட்டு எடுங்கள். போனில் பார்த்தால் கீழே இருக்கும் வரிகள் கண்ணில் படாமல் போகும். ஒவ்வொரு விமானத்துக்கும் நேரே பேகேஜ் என்று ஒரு வரி இருக்கும். அதில் எண்ணுக்குப் பின்னால் கே என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது கிலோக் கணக்கு. 30 கிலோ என்றால் பெரும்பாலும் அதை இரண்டு பெட்டியாகப் பிரித்தும் கொண்டு போகலாம். பிசி என்று இருந்தால் அது பொதிக் கணக்கு. கனடா, அமெரிக்கா போகிறவர்களுக்கு அநேகமாக இதுதான் வரும்.

பொதிக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இரண்டு பொதி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்றால் மொத்தம் 46 என்று கூட்டி, ஒன்றில் 28, மற்றதில் 18 என்று கட்டிவிடுகிறார்கள். மொத்தம் 46-தானே என்று கவுண்டரில் சொல்லிப் பயனில்லை. 28 கிலோப் பெட்டிக்குத் தனியாக அறவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே 23-க்குள் இருக்க வேண்டும். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. அதைத் தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த விதி அது, காசு கட்டினாலும் விடமாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்றிமீற்றருக்குள் இருப்பது பெரும்பாலான நிறுவனங்களுக்குச் சரிவரும்.

எங்கள் மாமியை இலண்டனுக்கு அனுப்பியபோது எங்களை நிறுத்தி வைத்த வரி இதைவிடக் கீழே இருந்தது. பதிவு எண். கொழும்பிலிருந்து வளைகுடா வரை ஒரு எண், அங்கிருந்து இலண்டனுக்கு இன்னொரு எண். விலை மலிவாக வரும் என்று டிக்கெட் போட்டவர் இரண்டு தனிப் பதிவாகப் போட்டிருக்கிறார், அதை எங்களிடம் சொல்லவில்லை. முதல் விமானத்துக்கு 30 கிலோ, அடுத்ததற்கு 23.

தனிப் பதிவு என்றால் பெட்டி பெரும்பாலும் நேரே இலண்டனுக்குப் போகாது. இடையில் இறங்கி, குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்தின் கவுண்டரில் திரும்பக் கொடுக்க வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டுமென்றால் அதுவும் கையில் இருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய, தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. நாங்கள் டிக்கெட்டை மாற்றி ஒரே பதிவாக எடுத்தோம். கொஞ்சம் கூடுதலாகச் செலவானது. என்னைக் கேட்டால் அம்மா, அப்பாவுக்கு டிக்கெட் போடும்போது அந்தக் காசைப் பார்க்கவே கூடாது. மாற்ற முடியாதவர்கள் எல்லா விமானங்களிலும் குறைந்த நிறை எதுவோ அதற்கே பெட்டியைக் கட்டுங்கள்.

தராசு

கொக்கி உள்ள டிஜிட்டல் கைத்தராசு ஒன்று வாங்குங்கள். குளியலறைத் தராசில் பெட்டியோடு ஏறி நின்று, பிறகு நம் நிறையைக் கழிப்பது எனக்குப் பிடிக்காது, ஒரு கிலோ இப்படி அப்படி ஆகும். மளிகைக் கடைத் தராசு திருத்தமானது, ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாதே. கைத்தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 5 கிலோ அரிசிப் பொதியை மாட்டிப் பாருங்கள். பெட்டியை எல்லைக்கு ஒரு கிலோ குறைவாக நிறுத்திவிடுங்கள்.

வெறும் பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். பெரிய கடினப் பெட்டிகள் வெறுமையாகவே நாலைந்து கிலோ வரும். எண்ணெய், ஊறுகாய் போத்தல் இருந்தால் கடினப் பெட்டி, உடுப்பும் தூளும் மட்டும் என்றால் துணிப் பெட்டி என்பது என் கணக்கு.

கருவாடும் தூளும்

நம் ஊர்ப் பெட்டி என்றால் இந்தப் பகுதிதான் முக்கியம்.

கருவாடு வாங்கிய கையோடு கட்ட வேண்டாம். கடையில் வாங்கும்போது அதில் இன்னும் ஈரம் இருக்கும். ஒரு நல்ல வெயிலில் திரும்பக் காயவைத்து, ஆறவிட்டு, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். அதற்கு மேல் தடித்த பொலித்தீன் பை இரண்டு, கடைசியாக இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி. பையை முடிச்சுப் போட்டால் வாசம் வெளியே வரும், வாயைச் சூட்டில் ஒட்டிவிடுங்கள். வெற்றிடப் பொதி செய்து தரும் கடை கிடைத்தால் இன்னும் நல்லது.

மிளகாய்த்தூளை வறுத்த சூட்டோடு அடைக்கவே கூடாது. உள்ளே வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். இரவு முழுக்க விரித்து ஆறவிட்டு அடையுங்கள். தூளைப் பெரிய பெட்டியிலேயே வையுங்கள், கைப்பொதியில் வைத்தால் பரிசோதனையில் அவிழ்க்கச் சொல்வார்கள்.

நல்லெண்ணெய்ப் போத்தலை வாய்வரை நிரப்பாதீர்கள். மூடியைக் கழற்றி, வாயில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து இறுக்கி மூடி, சுற்றி டேப் ஒட்டி, உடுப்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள்.

விமானம் ஏற்றுவது ஒன்று, போய் இறங்கும் நாடு உள்ளே விடுவது வேறொன்று. பிரித்தானியாவுக்கு இங்கிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது. ஆகவே எருமைத் தயிர்ச் சட்டியும் நெய்ப் போத்தலும் வேண்டாம். மீன் வகை ஒருவருக்கு 20 கிலோ வரை தடையில்லை, கருவாடும் அதற்குள் அடங்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2019 டிசம்பர் முதல் பச்சை இலை, காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன் ஐந்துக்கும் மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்கு இல்லை. அவுஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் குறிப்பிடுங்கள். குறிப்பிட்டால் பெரும்பாலும் பொருள்தான் போகும், மறைத்தால் தண்டம்.

வளைகுடா போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பொதி

பல நிறுவனங்கள் கைப்பொதிக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலில், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும் ஒளிபுகும் பையில். பாதி தீர்ந்த 200 மில்லிலீற்றர் போத்தல் செல்லாது, போத்தலின் கொள்ளளவுதான் கணக்கு. ஊறுகாய், தேன், சம்பல், பற்பசை எல்லாம் திரவமாகவே பார்க்கப்படும்.

பவர் பேங்க் கைப்பொதியில் மட்டும். பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியையே நிறுத்தி வைப்பார்கள். எல்லை 100 வாட்-மணி. உங்களுடையதில் அது எழுதியில்லாவிட்டால், மில்லி ஆம்பியர் மணியை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, தடையில்லை. 30,000 என்றால் 111, அதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான் அனுமதிக்கிறது, அதையும் விமானத்துக்குள் பாவிக்க முடியாது.

மருந்து, நகை, பத்திரங்கள் கையோடு இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும். மருத்துவரின் சீட்டும் கூட இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

கோணேஸ்வரத்தில் பூசை செய்து எடுத்த பிரசாதத்தோடு கற்பூரம் அனுப்பலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். கூடாது, அக்கா. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது, எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. திருநீறும் குங்குமமும் தாராளமாக அனுப்பலாம். கொப்பறாவையும் தவிருங்கள். அதிலுள்ள எண்ணெயால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதையும் ஆபத்தான சரக்காக வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து டுபாய்க்கு வேலைக்குப் போகும் தம்பி, சாமானை உரப்பையில் உருட்டிக் கட்டிக் கயிறு போடலாமா என்று கேட்டார். வேண்டாம் தம்பி. டுபாய் விமான நிலையத்தில் 2017 முதல் உருண்டையான, ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பொதிகளை ஏற்பதில்லை. நல்ல அட்டைப் பெட்டியில் அடுக்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பெயரும் போன் இலக்கமும் பெரிதாக எழுதுங்கள். அதே தாளைப் பெட்டிக்கு உள்ளேயும் ஒன்று வையுங்கள், வெளியே ஒட்டியது கிழிந்து போகலாம்.

பெட்டி உடைந்து வந்தால் என்ன செய்வது என்று மூதூரிலிருந்து ஒரு கேள்வி. சுங்கத்தைத் தாண்டி வெளியே வர முன், பெட்டி வரும் பட்டிக்குப் பக்கத்திலுள்ள கவுண்டரில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியை வாங்குங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். கட்டுநாயக்கவில் தரும் சின்னப் பேகேஜ் சீட்டு இல்லாமல் இதெல்லாம் இழுபறிதான். அதைப் பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டி, பூட்ட முன்பு திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.