நிலக்கரிக் காடுகள் நலிந்த காரணத்தை மாணவர்களுக்கு விளக்கும் முறை

ஏறத்தாழ 30.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சரிந்த வெப்பமண்டலச் சதுப்புக்காடுகளை, அதாவது மண்ணில் புதைந்து நிலக்கரியாக மாறிய நிலக்கரிக் காடுகளைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் மரங்களின் பெயர்ப்பட்டியலில் தொடங்குவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில் தண்ணீரிலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் அந்தக் காடுகளின் வாழ்வும் சரிவும் நீர்மட்டத்தையே சார்ந்திருந்தன.

அதற்கு முன், இது எவ்வளவு பழங்காலம் என்பதைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். தைப்பூசத்தன்று அவர்கள் படியேறும் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலடியில் படிந்தது. நிலக்கரிக் காடுகள் செழித்தபோது அது பழம்பாறையாகிவிட்டது என்று சொன்னால் போதும். சிலாங்கூரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த பத்து ஆராங் ஊரை மட்டும் இங்கே உதாரணமாகக் காட்டாதீர்கள். 1915 முதல் 1960 வரை அங்கே வெட்டியெடுத்த நிலக்கரி, டைனோசர்கள் அழிந்த பிறகு உருவான மிக இளைய நிலக்கரி.

அடுத்து, அக்காலத்தில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்ததை வரைபடத்தில் காட்டிவிட்டு, அங்கே நின்ற லெப்பிடோடெண்ட்ரான் மரத்துக்கு வாருங்கள். முப்பது மீட்டருக்கு மேல் வளர்ந்த அதன் தண்டில், இலைகள் உதிர்ந்த தழும்புகள் அன்னாசிப்பழத் தோலைப் போல் வரிசை வரிசையாக இருக்கும். விதையில்லாமல் வித்துகளால் பெருகிய அம்மரத்துக்கு ஈரம் வற்றாத நிலம் தேவைப்பட்டது.

இப்போது காரணத்தைச் சொல்லலாம். தெற்கே கோண்டுவானாக் கண்டத்தில் பனிப்பாறைகள் பெருகியும் உருகியும் வந்ததால் கடல்மட்டம் திரும்பத் திரும்ப இறங்கி ஏறியது; நிலநடுக்கோட்டுப் பகுதியில் மழை குறைந்து, ஈரக்காலம், வறள்காலம் என்று பருவங்கள் பிரிந்தன; சதுப்புகள் வடிந்து, தொடர்ச்சியாக இருந்த காடு தீவுகளைப் போல் துண்டுபட்டது. பெருமரங்கள் குறைந்த இடங்களில், வறட்சியை ஓரளவு தாங்கிய மரப்பெரணிகள் பரவின. மக்காமல் புதைந்த தாவரங்கள் காற்றின் கரியமிலவாயுவைக் குறைத்து, பனிப்பாறைகளை வளர்த்த குளிர்ச்சிக்குத் துணைபோயின என்பதையும் மூத்த மாணவர்களுக்குச் சொல்லலாம். தன்னை வளர்த்த பருவநிலையைக் காடே கொஞ்சம் கெடுத்துக்கொண்டது!

வகுப்பில் யாராவது, “குளிர்தானே காரணம், தண்ணீரை ஏன் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால், இன்றைய சீனாவாக இருக்கும் நிலப்பகுதியைக் காட்டுங்கள். அதே உலகம், அதே காற்று; ஆனால் ஈரம் நீடித்த அங்கே இவ்வகைச் சதுப்புக்காடுகள் மேலும் பல கோடி ஆண்டுகள் நிலைத்தன.

கண்ணால் காட்ட, பூச்செடிக் கடையில் கிடைக்கும் பீட் மண்ணை (சதுப்பில் முழுதாக மக்காத தாவரங்கள் சேர்ந்து உருவான மண்) இரண்டு கோப்பைகளில் எடுத்து, ஒன்றை ஈரமாகவே வைத்துவிட்டு மற்றதைத் தூள் பறக்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். இரண்டிலும் மெதுவாக நீர் ஊற்றினால், ஈரமண் உடனே உறிஞ்சும். காய்ந்ததன்மேல் நீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். கோலசிலாங்கூர்ப் பக்கம் ராஜா மூசா வனத்தில், கால்வாய்களால் நீர் வடிந்த தானா கம்புட்டில், அதாவது பீட் நிலத்தில், தீப்பிடிப்பதும், அக்கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்திய பிறகே மரம் நடுவதும் ஏன் என்று அப்போது கேளுங்கள். நம் மழைக்காலத்தில் மண் எளிதில் காயாது என்பதால், கோப்பைகளைப் பாடத்துக்கு ஒரு வாரம் முன்பே தயார்செய்வது நல்லது.