பழைய ஆடாசிட்டி ப்ராஜெக்டைப் புதிய பதிப்பில் திறக்க

ஒலியைப் பதிந்து திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில், 2021-இல் வந்த 3.0 பதிப்பு முதல் ப்ராஜெக்ட் முழுவதும் ஏயூபி3 என்ற ஒரே கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு முன்பு ஏயூபி என்ற சிறு கோப்பு, பக்கத்தில் 'டேட்டா' என்று பெயர் முடியும் ஃபோல்டர் என இரண்டு. ஒலி இருப்பது ஃபோல்டரில்தான்.

பழைய பேட்டி ஒன்றைத் திறந்தபோது, டேட்டா ஃபோல்டர் இல்லை என்று பிழை காட்டியது. ஃபோல்டர் இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது. இரண்டையும் முதலில் நகலெடுத்து வைத்தேன். ஏயூபியை நோட்பேடில் திறந்தால் தொடக்கத்திலேயே 'ப்ராஜ்நேம்' (projname) என்ற இடத்தில் எதிர்பார்க்கும் பெயர் இருக்கும். ஓர் எழுத்து பிசகாமல் ஃபோல்டருக்கு அதையே வைத்ததும் திறந்தது.

உடனே பழையதை அழித்துவிடாதீர்கள். முழுவதும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு காதில் மட்டும் சுமார் 6 விநாடி மௌனம் வந்தால், டேட்டா ஃபோல்டரில் ஒலித் துண்டுகளாக இருக்கும் ஏயூ கோப்புகளில் ஒன்று தொலைந்திருக்கிறது: 44,100 ஹெர்ட்ஸ், 32 பிட்டில் ஒரு சேனலின் அவ்வளவு ஒலிதான் 1 எம்பி கோப்பில் அடங்கும். பேக்கப்பில் தேடி, அதே துணை ஃபோல்டரில் போட்டுப் பழைய ஏயூபியைத் திரும்பத் திறந்தால் மௌனம் நிரம்பும்.

பழையதை ஏயூபி3 ஆக மாற்றும்போது ஒலி இன்னொரு பிரதியாகிறது. ஒரு மணிநேர ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய 1.3 ஜிபி காலியிடம் வேண்டும். சேமிப்பது கணினியின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும், கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டர் வேண்டாம். பக்கத்தில் 'வால்' (wal) என்று பெயர் முடியும் கோப்பு தெரிந்தால் கைவைக்காதீர்கள், கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில் இருக்கலாம்.