புதுச்சேரி பழைய வீட்டுக்கு வெளிப்பூச்சு அடிக்கும் முன்

முதலில் வீடு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியான டூமா வீதி பக்கம் என்றால், உயர்ந்த மதில், பெரிய கேட், வளைவு ஜன்னல். சுவருக்குக் காவி கலந்த மஞ்சள், ஓரப்பட்டைகளுக்கு வெள்ளை என்று போனால் தெருவோடு ஒட்டும். மேற்கே தமிழர் பகுதியில் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூண்களும்தான் முகம், அதனால் சுவரை வெளிர் நிறத்தில் விட்டுவிட்டு, தூணையும் கதவையும் பெயின்டால் மூடாமல் எண்ணெய் பூசி மரமாகவே விடுங்கள். வைசியாள் வீதியை ஒருமுறை நடந்து பாருங்கள், புரியும். அந்தத் தெருவைச் சீரமைத்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

சரி, நிறத்தைவிட முக்கியம் சுவர். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், அது ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, அடிச்சுவரில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிந்துவிடும். கடையில் என்ன சொன்னாலும் சுண்ணாம்பு அடிப்பதுதான் நல்லது.

நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, நிறப்பொடி கலந்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும், அதனால் முதலில் ஒரு மூலையில் அடித்து, காயவிட்டுப் பார்த்த பிறகே மீதிக்குக் கலக்குங்கள்.