கப்பல் பணியாளர் பயிற்சியும் நலனும்: மேலாண்மை நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலுக்கு உரிமையாளர் ஒருவர். அதை ஓட்டிப் பராமரிப்பது வேறொரு நிறுவனம். மாலுமிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அந்த நிறுவனத்தின் இன்னொரு நாட்டுக் கிளை. கப்பல் மேலாண்மைத் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. சம்பளம், பயிற்சி, பயணச் செலவு எல்லாம் உரிமையாளரின் பட்ஜெட்டில் வரும். மேலாண்மை நிறுவனத்துக்குக் கிடைப்பது ஒரு கட்டணம் மட்டும். செலவைக் குறைக்கச் சொன்னால் சட்டென்று கைவைக்க முடிவது பயிற்சியிலும், பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை பார்க்கும் ஓவர்லாப் நாட்களிலும்தான். கீழே சொல்லும் தவறுகள் கப்பலில் நடப்பவை போலத் தெரியும். பல, கரையில் இருக்கும் அலுவலகத்தில் தொடங்குபவை.

ஓய்வு நேரப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையான எம்எல்சி 2006 சொல்வது இது: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாட்களிலும் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு பகுதியாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். கணினியில் பதியும்போது விதி மீறினால் கட்டம் சிவப்பாகும். சிவப்பைப் பார்த்ததும் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வரும். பதில் எழுத உட்கார்ந்தால் இருக்கிற தூக்கமும் போகும். அடுத்த மாதம் சிவப்பே வராது. வேலை குறைந்திருக்காது, எண்கள்தான் மாறியிருக்கும்.

இதன் விலை என்னவென்று பார்க்க ஷென் நெங் 1 போதும். 2010 ஏப்ரல் 3 அன்று, ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அந்தக் கப்பல் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் தரைதட்டியது. அப்போது வாட்ச்சில் (கப்பலைச் செலுத்திக் கண்காணிக்கும் முறைப்பணியில்) இருந்த சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி), அதற்கு முந்தைய 38½ மணி நேரத்தில் தூங்கியது 2½ மணி நேரம். துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்த்தவரும் அவரே. சரக்கு ஏற்றி முடித்த ஒருவர் வாட்ச் பார்க்கும் நிலையில் இருக்கிறாரா என்று உறுதி செய்ய உருப்படியான ஏற்பாடு எதுவும் அந்தக் கப்பலில் இல்லை என்றது ஆஸ்திரேலிய விசாரணை.

ஆகவே சிவப்புக் கட்டம் வந்தால் ‘ஏன்’ என்று கேட்பதோடு நிற்காமல் ‘எதைத் தள்ளிப்போடலாம்’ என்று கேட்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் அந்த ஒரே நாளில் ஆடிட், எரிபொருள் நிரப்புதல், ஸ்டோர் ஏற்றுதல், சூப்பரிண்டெண்டென்ட் (கப்பலைக் கவனிக்கும் கரை அதிகாரி) வருகை என்று எல்லாவற்றையும் அடுக்குவது யார்? பெரும்பாலும் அலுவலகம்தான். தேவைப்பட்டால் சில மணி நேரம் நங்கூரமிட்டுத் தூங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று கேப்டனுக்கு எழுத்தில் உறுதி தரலாம். கப்பலில் எத்தனை பணியாளர் இருக்க வேண்டும் என்று சொல்லும் சேஃப் மேனிங் சான்றிதழில் இருக்கும் எண்ணிக்கையை ‘இவ்வளவு பேர் போதும்’ என்று படிப்பதும் தவறு. அது குறைந்தபட்சம், அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான கோடு.

பயிற்சிக்கு வருவோம். கணினிப் பாடங்களை வாட்ச் முடிந்த களைப்பில், ஓய்வு நேரத்தில் முடிக்கச் சொல்வார்கள். விடைகள் ஒரு பென்டிரைவில் கேபின் கேபினாகச் சுற்றும். அலுவலகத் திரையில் 100 சதவீதம் என்று வரும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவசரகால ஒத்திகையான டிரில்லும் அப்படியே. சனிக்கிழமை பிற்பகல், பெயின்ட் அறையில் தீ, எல்லோரும் ஓரிடத்தில் மஸ்டர், ஒரு போட்டோ, டீ. உண்மையான தீ சனிக்கிழமைக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

மூடிய இடங்களில் நுழையும் பயிற்சிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்து ஒருவர் விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் பதறி இறங்குவார், அவரும் விழுவார். திரும்பத் திரும்ப நடந்திருக்கும் விபத்து இது. 2015 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் விதிப்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கு டிரில் நடத்த வேண்டும். பல கப்பல்களில் அது தொட்டிக்குள் இறங்கும் துளையான மேன்ஹோல் அருகே நின்று படிவம் நிரப்புவதோடு முடிகிறது. மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, எடையுள்ள ஒரு பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி, அந்தத் துளை வழியாக உண்மையிலேயே வெளியே எடுத்துப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் முடியாது. அது முடியவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் பயிற்சி.

‘ஒவ்வொரு கப்பலும் மாதம் இத்தனை நியர் மிஸ் (மயிரிழையில் தப்பிய விபத்து) அறிக்கை அனுப்ப வேண்டும்’ என்று இலக்கு வைப்பதும் வேண்டாம். ‘ஒருவர் கையுறை போடவில்லை, அறிவுரை கூறப்பட்டது’ என்ற வாக்கியம் ஆண்டு முழுக்க வரும், அவ்வளவுதான்.

கப்பல்களைப் பாதுகாப்பாக நிர்வகிப்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐஎஸ்எம் கோட் ஏன் வந்தது என்பதைப் பல மேலாளர்கள் மறந்துவிடுகிறார்கள். 1987-ல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிகள், வாகன ஃபெர்ரி கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். முன்கதவு திறந்தபடியே கப்பல் புறப்பட்டிருந்தது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு வேண்டும் என்று அந்நிறுவனத்தின் கேப்டன்கள் ஏற்கனவே கேட்டிருந்தார்கள்; கரையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலின் குரல் நிர்வாகத்தின் உச்சிக்கு நேராகப் போக வேண்டும் என்றுதான் அந்தக் கோடில் டிபிஏ (இதற்கென நியமிக்கப்படும் கரை அதிகாரி) என்ற பொறுப்பை உருவாக்கினார்கள். இன்று டிபிஏ பல இடங்களில் மெஸ் அறைச் சுவரில் ஒரு போட்டோ, கீழே ஒரு எண். யாராவது அழைத்தால் அன்று மாலையே ‘உங்கள் ஆள் எனக்குப் போன் செய்தார்’ என்று கேப்டனுக்குச் செய்தி போகும். அதற்குப் பிறகு அந்த எண்ணை யார் தொடுவார்?

தொல்லை, மிரட்டல் பற்றிய புகார்களுக்கும் இதுவே பொருந்தும். 2026 ஜனவரி 1 முதல், பாலியல் தொல்லை உட்பட இவற்றைத் தடுப்பது, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூ சொல்லும் அடிப்படைப் பயிற்சியின் பகுதி. வகுப்பு நடத்திவிட்டு, புகார் வழியைக் கேப்டனோடு நிறுத்தினால் பயனில்லை. புகாரே கேப்டன் மேல் என்றால் என்ன செய்வது? வெளி அதிகாரிகளிடம் நேரடியாகப் போகும் உரிமையை எம்எல்சி தருகிறது, புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதை மாலுமிகள் படிக்கும் மொழியில் ஒட்டிவையுங்கள். ஒரு கப்பலுக்கு ஒரே ஒரு பெண் கேடட்டை (பயிற்சி அதிகாரியை) அனுப்பிவிட்டு விளம்பரத்தில் அவர் படத்தைப் போடுவதைவிட, இருவரை ஒன்றாக அனுப்புவது உருப்படியான காரியம்.

மனநலம் என்றதும் ஹெல்ப்லைன் எண்ணும் யோகா வீடியோவும் வருகின்றன. தவறில்லை. ஆனால் கப்பலில் இருப்பவரிடம் கேட்டால் முதலில் சொல்வது, ‘ரிலீஃப் தேதி (மாற்று ஆள் வந்து நான் இறங்கும் நாள்) தள்ளிப்போகாமல் இருந்தால் போதும்.’ 2020-ல் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் சிக்கியிருந்தபோது அது உலகுக்கே தெரிந்தது. பெருந்தொற்று இல்லாத நாட்களிலும் ‘அடுத்த துறைமுகத்தில் பார்ப்போம்’ என்ற பதில் தொடரத்தான் செய்கிறது. இணைய வசதியும் வந்திருக்கிறது, நல்லதுதான். அதோடு கப்பல் நேரம் நள்ளிரவு 2 மணிக்கு அலுவலக வாட்ஸ்அப்பும் வருகிறது! அவசரம் அல்லாததை அனுப்பக் கூடாத நேரம் எது என்று ஒவ்வொரு கப்பலுக்கும் முடிவு செய்யலாம்.

அப்புறம், கரையில் இருப்பவர்கள். பல கப்பல்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிண்டெண்டென்ட்டுக்கு ஏதோ ஒரு கப்பலில் எப்போதும் பகல்; அவர் போன் அணைவதே இல்லை. நலத் திட்டங்களில் அவர் பெயர் வருவதும் அரிது. வார இறுதிக்கு முறைவைத்து வேறொருவர் போன் எடுக்கட்டும். கப்பலிலிருந்து இறங்குபவர்களிடம் பேசும்போதும் அதிகாரிகளோடு நிறுத்தாமல் இயந்திர அறையின் மோட்டார்மேன், சமையல்காரர் வரை அவரவர் மொழியில் கேளுங்கள். கேட்பவர் அவர்களின் அடுத்த ஒப்பந்தத்தையோ பதவி உயர்வையோ முடிவு செய்பவராக இருக்கக் கூடாது.