பைக் விற்கும் முன் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸைக் கழற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கை விற்க முடிவெடுத்ததும் நம்மில் பலர் முதலில் போடுவது ஃபிட்டிங்ஸ் கணக்குதான். கிராஷ் கார்டு, சைடு பாக்ஸ், ஃபாக் லைட், சைலன்சர் என்று போட்ட காசையெல்லாம் கூட்டி வண்டி விலையில் ஏற்றிவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு விலை வைப்பது மாடல், வருஷம், எத்தனையாவது ஓனர், ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் நிலைமை. புதுச்சேரியோ கடலூரோ, பழைய வண்டி வாங்கி விற்கும் எந்த கன்சல்டிங் கடையிலும் உங்கள் ஃபிட்டிங்ஸைப் பார்த்து "நல்லா வச்சிருக்கீங்க சார்" என்பார்கள். விலை பேசும்போது அதைப் பற்றிப் பேச்சே வராது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா? அதுவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாங்குகிறவர் இதை அப்படியே வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்ட முடியுமா, அல்லது கைக்காசு போட்டு அவிழ்க்க வேண்டியிருக்குமா? அவிழ்க்க வேண்டியிருக்கும் என்றால் அந்த வேலையை நீங்களே முடித்துவிடுங்கள்.

அந்த வரிசையில் முதலில் வருவது சைலன்சர். சத்தம் போடும் சைலன்சரோடு வண்டியைக் காட்டினால் இருபது வயதுப் பையன் மயங்குவான், காசு கொடுக்கும் அவன் அப்பா மயங்கமாட்டார். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் ஒரிஜினல் சைலன்சர் தொகுதிக்குள், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சேர்ந்து வரும். அதை எடைக்குப் போட்டவர்கள் விற்கும் நேரத்தில் புதிதாக வாங்கப் போய் விலையைக் கேட்டுத் திரும்பி வருகிறார்கள். பரணில் கிடந்தால் இறக்கி மாட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரம் கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்று வைத்தது. வண்டியின் கலரும் ஆர்.சி.யில் இருக்கிறது. ஆகவே சிவப்பு வண்டியை முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கரில் சுற்றி வைத்திருந்தால் அதையும் உரித்துவிட்டே காட்டுங்கள்.

ஹெட்லைட்டுக்கு வைத்த சுவிட்சைப் பலர் மறந்துவிடுவார்கள். 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும். அதை அணைக்க நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தவர்கள் நம் ஊரில் நிறைய. எடுத்துவிடுங்கள். பின்பக்க மட்கார்டை வெட்டி நம்பர் பிளேட்டைக் குட்டையாகத் தூக்கிக் கட்டியிருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. பார்க்க ஸ்டைலாக இருக்கட்டும் என்று சாரி கார்டையும் பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பியையும் கழற்றிவிட்டு போட்டோ எடுக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சீட் உள்ள வண்டிக்குக் கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், சக்கரத்தில் துணி சிக்காமலிருக்கத் தடுப்பு, மூன்றும் கட்டாயம் என்கிறது. குடும்பத்தோடு வந்து பார்க்கிறவர்களில், பின்னால் உட்காரப் போகும் அம்மாதான் முதலில் அதைத் தேடுவார்.

இப்போது கிராஷ் கார்டுக்கு வருவோம். கடலூர் முதுநகரிலிருந்து காலாப்பட்டு வரை கடலோரமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தனிக் கதை. குரோம் பூச்சு பளபளப்பாகவே இருக்கும். ஃபிரேம் குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் அடியில் உப்புக்காற்றும் மழைத்தண்ணீரும் உட்கார்ந்து பெயின்ட்டைத் தின்றிருக்கும். கழற்றியதும் மோதிர வடிவத்தில் காவி நிறத்தில் ஒரு துரு வளையம் தெரியும். ஃபிரேமில் பொறித்த சேஸ் நம்பரைப் பார்க்க டார்ச் அடிக்கிறவர் அதையும் பார்த்துவிடுவார், வண்டி விழுந்து எழுந்ததோ என்று சந்தேகப்படுவார். ஆகவே வளைவில்லாத, துரு இல்லாத கார்டு என்றால் வண்டியோடே விட்டுவிடுங்கள். அதைத் தனியாக விற்று வரும் காசைவிட "கார்டு இருக்கு, விழுந்தாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற தைரியம் வண்டியை வேகமாகக் கைமாற்றும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் முந்தின இரவே போல்ட்டுகளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். சில வண்டிகளில் கிராஷ் கார்டு, இன்ஜினைத் தாங்கும் போல்ட்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். கார்டின் கனத்துக்காக நீள போல்ட் போட்டிருப்பார்கள். கார்டை எடுத்தபின் அந்த நீள போல்ட்டையே வாஷர் அடுக்கி முடுக்கிவிடுவது ஆபத்தான சோம்பேறித்தனம், சரியான அளவு போல்ட்டை வாங்கிப் போடுங்கள். போல்ட் அசையவே மறுத்தால் பைப்பைச் சொருகித் திருகாமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது. இன்ஜின் மவுண்ட்டில் தலை ஒடிந்த போல்ட்டை எடுக்க ஆகும் செலவு, கார்டின் விலையைத் தாண்டிவிடும். வளையம் விட்ட இடத்தை எமரித் தாளால் தேய்த்து, பிரைமர் வைத்து, பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

எக்ஸ்ட்ரா லைட், ஹாரன், சார்ஜர் ஆகியவற்றில் பிரச்சினை ஒயரில்தான். கழற்றுகிறேன் என்று லைட்டை மட்டும் எடுத்து, ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி ஹெட்லைட்டுக்குள் சுருட்டி வைக்கிறார்கள். அந்த ஒயரின் மறுமுனை இன்னும் பேட்டரியில் இருக்கும். வெட்டிய முனை ஃபிரேமில் உரசினால் ஃப்யூஸ் போகும். நடுவில் ஃப்யூஸே போடாமல் இழுத்த ஒயராக இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், அப்புறம் பேட்டரியிலிருந்து லைட் வரை ஒயரை முழுதாக உருவுங்கள். கம்பெனி ஒயரைச் சுரண்டி இணைப்பு எடுத்த இடத்தில் டேப் பிசுபிசுத்து, செம்பு பச்சை பூத்துப் போயிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அதன்பின் இங்கே வண்டி பார்க்க வருகிறவர்கள் "வெள்ளத்துல நின்ன வண்டியாண்ணே?" என்று கேட்காமல் போவதில்லை. பச்சை பூத்த ஒயரைப் பார்த்தபின் நீங்கள் என்ன பதில் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அந்த இணைப்பைச் சீர்செய்யுங்கள்.

ரிலே என்ற தானியங்கி சுவிட்சும் ஃப்யூஸும் வைத்து முறையாகப் போட்ட சார்ஜர் என்றால் எடுக்கவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, விலை பேசி முடித்து டோக்கன் அட்வான்ஸ் வாங்கியபின் கழற்றுவது. போட்டோவில் பாக்ஸோடு நின்ற வண்டி, டெலிவரி அன்று வெறும் சட்டமாக நிற்கும். "தம்பி, பாக்ஸ் தனின்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று அவர் கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான். எதை எடுக்கப் போகிறீர்களோ அதை எடுத்துவிட்டே போட்டோ பிடியுங்கள். டூரிங் பாக்ஸ், விண்ட்ஷீல்டு, நல்ல மொபைல் ஹோல்டர் போன்றவை அதே மாடல் வைத்திருப்பவரிடம் தனியாக நல்ல விலைக்குப் போகும். சண்டே மார்க்கெட்டில் தள்ளினால் பழைய இரும்பு விலைதான் கேட்பார்கள். ஜி.பி.எஸ். டிராக்கர் இருந்தால் சிம்மோடு எடுத்துவிடுங்கள். வண்டியோடு இணைந்த போன் ஆப்பிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது. பி.ஒய். 01 என்ற புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால், படிவம் 28-இல் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, கடலூரின் டி.என். 31 எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறுத்திக் காட்ட வேண்டும். உள்ளூருக்குள் பெயர் மாற்றும்போது கண்ணில் படாத சைலன்சரும் கலரும் அங்கே இன்ஸ்பெக்டர் கண்ணில் படும். எனவே எல்லை தாண்டி விற்பதாக இருந்தால் என்.ஓ.சி.க்கு மனு போடும் முன்பே வண்டியை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளூர் விற்பனை என்றால் படிவம் 29, 30 போதும். எந்தப் பொருள் வண்டியோடு போகிறது, எது போகவில்லை என்பதை விற்பனை ரசீதிலேயே இரண்டு வரியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பரணில் இருக்கும் ஒரிஜினல் கண்ணாடி, ஹேண்டில்பார் போன்றவற்றையும் அப்போதே ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிடலாம், உங்களுக்கு இனி அவை எதற்கு?