பேட்ச் தேறிவிட்டது, இயந்திரம் தேறியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் எவ்வளவு ஈரம் ஏறும் என்பதை மாத்திரை அச்சிடும் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முன்பு நான் பணியாற்றிய ஓர் ஆலையில், கோடைப் பிற்பகல் ஒன்றில் மின்வெட்டு முடிந்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியபோது, ஹாப்பர் என்ற கொட்டுகலனில் கிடந்த குருணை (மாத்திரையாக அச்சிட வேண்டிய மருந்துத் துகள்) ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. குருணை சரியாக வழிந்து டைகளில் (மாத்திரை அச்சுக்குழிகளில்) நிரம்பாததால் அடுத்த இரண்டு மணி நேரம் மாத்திரையின் சராசரி எடை சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போனது. ஆய்வகத்துக்குப் போன மாதிரிகள் எல்லாச் சோதனைகளிலும் தேறின. பேட்சும், அதாவது ஒரே ஓட்டத்தில் செய்த மாத்திரைகளின் முழுத் தொகுதியும், வெளியே போயிற்று. பதிவேட்டில் இருந்த எடைகளை ஒரு வாரம் கழித்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தச் சரிவு எங்கள் கண்ணில் பட்டது.

ஆய்வகத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நூற்றுக்கு ஒன்று பழுதாக உள்ள ஒரு பேட்சிலிருந்து 20 மாத்திரைகளை எடுத்துச் சோதித்தால், பழுதானது ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் கிருமி நீக்கப்படாத டெக்ஸ்ட்ரோஸ் நீர் ஏற்றப்பட்டு நோயாளிகள் இறந்தார்கள். நீராவியால் கிருமி நீக்கும் கலனான ஆட்டோகிளேவின் கீழ்ப்பகுதியில் காற்று தங்கியதால் அங்கிருந்த பாட்டில்கள் போதிய வெப்பம் பெறவில்லை. ஆனால் சோதனைக்கு எடுத்த பாட்டில்கள் தேறியிருந்தன. செய்முறை நடந்த விதத்தை, முடிந்த பொருளின் சில மாதிரிகளிலிருந்து முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது.

செய்முறையை அது நடக்கும்போதே கண்காணிப்பதற்கான கருவியைத்தான் 1924இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் ஒரே பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். கட்டுப்பாட்டு வரைபடம் எனப்படும் அதை 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு வரைவதாக வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து விழும் 5 மாத்திரைகளைத் தனித்தனியே எடைபோட்டு, அவற்றின் சராசரியையும், மிகுந்த எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசமான வீச்சையும் குறிக்க வேண்டும். இயந்திரம் தொல்லையின்றி ஓடிய காலத்தில் எடுத்த 20 முதல் 25 குழுக்கள் எல்லைகளைக் கணிக்கப் போதும். அவற்றின் மொத்தச் சராசரி 500.2 என்றும் சராசரி வீச்சு 12 என்றும் வந்தால், 5 மாத்திரைகள் கொண்ட குழுவுக்குரிய 0.577 என்ற மாறிலியால் 12ஐப் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டியும் கழித்தும் 507.1, 493.3 என்ற எல்லைகளைப் பெறலாம். வீச்சின் மேல் எல்லைக்கு 2.114 என்ற மாறிலி, அது 25.4 ஆகிறது.

இரண்டு பக்கமும் மாத்திரை தள்ளும் இயந்திரமானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரைபடம் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து 5 எடுத்தால், ஒரு பக்கம் கனத்து மறு பக்கம் மெலிந்திருந்தாலும் சராசரி ஒழுங்காகவே தெரியும்; வீச்சு வீங்கி எல்லைகளும் அகன்றுவிடும். நான் பார்த்த பயனற்ற வரைபடங்களில் பலவும் இந்த வகைதான்.

இன்னொரு பிழை, ஒரு மாத்திரைக்கு விதித்த 475 முதல் 525 வரையிலான தர வரையறையை அப்படியே சராசரி வரைபடத்தில் கோடாக இழுப்பது. தனி மாத்திரைக்குரிய வரம்பை ஐந்தின் சராசரிக்குப் பொருத்தினால், அந்தக் கோட்டைப் புள்ளி தொடும் நேரத்தில் பல மாத்திரைகள் ஏற்கெனவே கெட்டிருக்கும்.

வரைபடத்தில் எந்த அறிகுறிக்கு எழுந்து போய் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி, அல்லது மொத்தச் சராசரியைக் காட்டும் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து 8 புள்ளிகள் என்ற இரண்டு விதிகளே தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து. முதல் விதி மட்டும் இருந்தால் சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒருமுறை பொய் எச்சரிக்கை வரும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் வகுத்த நான்கு எச்சரிக்கை விதிகளையும் சேர்த்தால் அது 92 புள்ளிகளுக்கு ஒருமுறையாகும். அப்புறம் யாரும் எழுந்து போகமாட்டார்கள். எங்கள் பிற்பகல் சரிவை எட்டுப் புள்ளி விதி பிடித்திருக்கும். அறிகுறி இல்லாதபோது எடைத் திருகைத் தொடக் கூடாது. 497 வந்ததும் ஏற்றுவது, 503 வந்ததும் இறக்குவது என்று நிலையாக ஓடும் இயந்திரத்தின் ஒவ்வொரு விலகலையும் ஈடுகட்டிக்கொண்டே போனால் எடைகளின் பரவற்படி (விலகல்களின் வர்க்கச் சராசரி) இருமடங்காகும்.

வரைபடம் நன்றாக இருக்கிறது என்பதற்காக பேட்ச் சோதனையை விட்டுவிட முடியாது. 2018 முதல் தென்னாப்பிரிக்காவில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சாஃப்ராவிடம் பதிவான ஆவணத்தில் இறுதிச் சோதனைகள் எழுதப்பட்டிருக்கும்வரை, அவற்றைச் செய்தே ஆக வேண்டும். மாற்ற விரும்பினால் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. ஆயினும் வரைபடத்தால் அந்தச் சோதனையைக் கூர்மையாக்க முடியும்: மின்வெட்டுக்குப் பிறகான முதல் அரைமணி, ஹாப்பர் காலியாகும் கடைசி நேரம் ஆகியவற்றிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லலாம்.

தர உறுதிப் பிரிவினர் வரைபடத்துக்கு அஞ்சுவதும் நியாயமே. தர வரையறைக்குள் இருந்துகொண்டே கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டிய புள்ளியைத் தோல்வி என்று பதிவதா, கண்காணிப்புக் குறிப்பு என்று பதிவதா என்ற கேள்வி ஆய்வாளர் வந்து நிற்கும் நாளில் எழக் கூடாது. அதைச் செயல்முறை ஆவணத்தில் முன்பே தீர்த்து, காரணம் தேடுவது யார், மாத்திரை நிரப்பிய ட்ரம்களில் எந்த ட்ரம் முதல் எந்த ட்ரம் வரை தனியே நிறுத்துவது, பேட்சை விடுவிக்கும் மருந்தாளுநரிடம் எப்போது சொல்வது என்பதையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு ட்ரம்மின் சீட்டிலும் நிரம்பத் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்க வேண்டும். எங்கள் ட்ரம்களில் அது இல்லை, சரிவு 2.40க்குத் தொடங்கியது என்று தெரிந்தும், அந்த மாத்திரைகள் எந்த ட்ரம்களில் போயின என்று எங்களால் சொல்ல முடியவில்லை.