டெஃப் வாங்கும்போதும் வைக்கும்போதும் வேன் ஓனர்கள் செய்கிற தவறுகள்

பெங்களூரில் ஸ்கூல் ட்ரிப், கம்பெனி ட்ரிப், வார இறுதியில் வேளாங்கண்ணி, மேல்மருவத்தூர் என்று வேன் ஓட்டுகிற நம் ஆட்களில் பலர் பிஎஸ்-4 வண்டியைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் பிஎஸ்-6க்கு வருகிறார்கள். பிஎஸ்-6 என்கிற புகை மாசு விதி நாடு முழுக்க 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்றைக்கு முதலில் வாங்கியவர்கள், புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றுகிற யூரியா திரவமான டெஃப் விஷயத்தில் எங்கெல்லாம் அடிபட்டார்களோ, அதே இடங்களில்தான் இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் வரிசையாக அடிபடுகிறார்கள்.

டீசல் டேங்கில் டெஃப் ஊற்றாதீர்கள், நீல மூடியைப் பார்த்து ஊற்றுங்கள் என்பதெல்லாம் டெலிவரி அன்றைக்கே ஷோரூமில் சொல்லிவிடுவார்கள். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாற்றி ஊற்றிவிட்டால் சாவியை ஆன் வரைக்கும்கூடத் திருப்பக் கூடாது. திருப்பினால் பம்ப் அதை லைனுக்குள் இழுத்துவிடும். டேங்கோடு நின்றால் டேங்கைக் காலி செய்து கழுவுவதோடு செலவு முடியும்.

ரிஃப்ராக்டோமீட்டரைக் காட்டினால் நம்பிவிடுவது

பணத்தை அதிகம் தின்கிற தவறு இதுதான். இத்தனை வருடமாகியும் ஓயவில்லை என்பதுதான் எரிச்சல்.

லூஸில் விற்கிற இடங்களில் வழக்கமாக நடப்பது இது. லேபிள் இல்லாத கேன், அல்லது யாரோ ஒரு கம்பெனியின் பழைய கேன். விலை கம்பெனி சரக்கைவிடக் குறைவு. வாங்க வந்தவர் தயங்கினால் விற்பவர் ரிஃப்ராக்டோமீட்டரை, அதாவது ஒளி வளைவதை வைத்துக் கரைசலின் செறிவைக் காட்டுகிற கருவியை, எடுப்பார். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொல்வார். "பாருங்கண்ணா, கோடு கரெக்டா 32.5ல நிக்குது. கம்பெனி சரக்கும் இதேதான், நீங்க ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கிறீங்க." நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கோடு உண்மையிலேயே 32.5ல்தான் நிற்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது பதில் சொல்கிற கேள்வியே வேறு.

டெஃப் என்பது எடையில் 32.5 சதவீதம் யூரியா, மீதி 67.5 சதவீதம் அயனி நீக்கிய தண்ணீர். ரிஃப்ராக்டோமீட்டர் இந்த விகிதத்தை மட்டும்தான் பார்க்கிறது. உர மூட்டை யூரியாவை போர்வெல் தண்ணீரில் சரியாக நிறுத்துக் கரைத்தாலும் அதே 32.5தான் வரும். வண்டியின் கதையும் இதுதான். பெரும்பாலான வண்டிகளின் டெஃப் டேங்கில் இருக்கிற சென்சார் ஒலி அலையை வைத்துச் செறிவை அளக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றினால் உடனே பிடித்துவிடும், கால்சியத்தைப் பிடிக்காது. அதனால் போலிச் சரக்கு ஊற்றிய அன்றைக்கு எந்த லைட்டும் எரியாது, ஓனரும் "ஒண்ணும் ஆகலையே" என்று அடுத்த கேனையும் அங்கேயே வாங்குவார்.

டெஃபுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22241 விகிதத்தோடு நிற்பதில்லை. ஒரு கிலோ டெஃபில் கால்சியம் அதிகபட்சம் 0.5 மில்லிகிராம், பாஸ்பேட் 0.5, துத்தநாகம் 0.2, தாமிரம் 0.2, பையூரெட் (யூரியா சூட்டில் சேர்ந்து உருவாகிற வேண்டாத பொருள்) 0.3 சதவீதம் என்று நீண்ட பட்டியல் அது. உர யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை அனுமதி. அதைக் கரைத்தால் டெஃபில் கிட்டத்தட்ட 0.49 சதவீதம் வரை வரலாம், வரம்பு அங்கேயே உடைகிறது. போதாததற்கு 2015 முதல் உள்நாட்டு உர யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கேனைக் குலுக்கினால் நுரை அடங்காமல் நிற்பது, மேலே எண்ணெய்ப் படலம், லேசான கலங்கல், வேப்ப வாடை எல்லாம் இதன் அடையாளம். வடிகட்டி விற்றால் இவையும் தெரியாது. மானிய உரத்தை இதற்குப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம் என்பது தனி.

தண்ணீர் பக்கம் இன்னும் மோசம். "ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறோம்" என்பார்கள். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, டெஃபுக்கு ஆகாது. மினரல் கார்ட்ரிட்ஜ் வைத்த மெஷின் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தே அனுப்புகிறது.

உள்ளே நடப்பது இது. டெஃபைத் தெளிக்கிற டோஸரின் முனையில் யூரியா சூடான புகைக்குள் தெளிக்கப்பட்டு, அம்மோனியாவாக மாறி, புகைக் குழாயில் இருக்கிற கேட்டலிஸ்ட் என்கிற வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்ற வேண்டும். பையூரெட் அதிகமென்றால் முனையிலேயே வெள்ளையாகக் கட்டி தட்டும். பெங்களூர் சில்க் போர்டு ட்ராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே ஓடுகிற ஸ்கூல் வேனில் புகை போதுமான சூட்டுக்கே வராது, கட்டி இன்னும் வேகமாக வளரும். யூரியாவாக இருக்கும்வரை வெந்நீரில் கரையும். சயனூரிக் அமிலமாக மாறிவிட்டால் வெந்நீருக்கு மசியாது. கால்சியம், பாஸ்பேட் போன்றவை ஆவியாவதில்லை. கேட்டலிஸ்டிலேயே தங்கி அதன் துளைகளை அடைக்கும். அதைக் கழுவி எடுக்க வழியில்லை.

முதல் அறிகுறியைப் பலர் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். டெஃப் செலவு குறையும். வேனில் டீசலில் சுமார் 3 முதல் 5 சதவீதம் டெஃப் போவது இயல்பு. திடீரென்று பாதியாகக் குறைந்தால் மிச்சமில்லை, டோஸர் அடைக்கிறது. அடுத்து வார்னிங் லைட், அதற்கடுத்து பவர் குறைப்பு, கடைசியில் வேகக் கட்டுப்பாடு அல்லது ஸ்டார்ட்டே ஆகாத நிலை. வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது டெஃப் வாங்கிய பில். லூஸ் சரக்குக்கு ஏது பில்?

இதில் மிச்சம் எவ்வளவு என்று ஒருமுறையாவது கணக்குப் போடுங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 என்றால் டீசல் 200 லிட்டர், டெஃப் 4 சதவீதம் வைத்தால் 8 லிட்டர். லிட்டருக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் மாதம் 160 ரூபாய், வருடத்துக்கு 1,920. அதற்காக ஒரு கேட்டலிஸ்டைப் பணயம் வைக்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: உடையாத சீல், ஐஎஸ்ஓ 22241 குறிப்பு, பேட்ச் எண், தயாரிப்புத் தேதி. பில்லில் பேட்ச் எண்ணை எழுதி வாங்கி, கேன் லேபிளையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆட்ப்ளூ என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கமான விடிஏவின் வணிகப் பெயர், அவர்களிடம் உரிமம் பெற்றவர்கள் போடுவது. எண்ணெய் கம்பெனிகளும் வண்டிக் கம்பெனிகளும் தங்கள் பெயரில் விற்கிற சரக்கும் அதே தரத்துக்குத்தான் செய்யப்படுகிறது. ரிஃப்ராக்டோமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய கேனில் தண்ணீர் கலந்ததா, ஆவியாகிக் கெட்டியானதா என்று பார்க்க உதவும். 31.8 முதல் 33.2 வரை சரி.

மலிவென்று பேரல் வாங்குவது

மேலே போட்ட கணக்குப்படி 200 லிட்டர் பேரல் தீர 25 மாதம் ஆகும். 25 டிகிரியில் வைத்தாலே டெஃபின் ஆயுள் 18 மாதம்தான். ஒரு வேனுக்கு 20 லிட்டர் பக்கெட் போதும், இரண்டரை மாதம் வரும். நாலைந்து வேன் வைத்திருப்பவர்கள் பேரலை யோசிக்கலாம்.

வாங்கிய தேதியிலிருந்து ஆயுளை எண்ணுவது

தயாரித்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் வைப்பது

கேன் மேல் -11 டிகிரியில் உறையும் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் குளிருக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஊட்டிக்குப் போனாலும் அந்தக் குளிர் வராது. இங்கே எதிரி சூடு. 10 டிகிரிக்குள் 36 மாதம், 25க்குள் 18, 30க்குள் 12, 35க்குள் 6 மாதம். அதற்கு மேல் போனால் ஆயுளை நம்ப முடியாது, சோதித்துத்தான் ஊற்ற வேண்டும். பெங்களூர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருட்டான மூலையில் வைத்தால் ஒரு வருடம் தைரியமாக இருக்கும். அதே கேன் ஏப்ரலில் தகர ஷீட்டுக்குக் கீழேயோ, வெயிலில் நிற்கிற வேனின் பின் சீட்டுக்கு அடியிலோ இருந்தால் யூரியா சிதைந்து அம்மோனியா கிளம்பும், கேன் உப்பும். லேசான அம்மோனியா வாடை இயல்பு. மூடியைத் திறந்ததும் கண் எரிந்தால் ஊற்றாதீர்கள்.

தண்ணி கேனுக்கு மாற்றி வைப்பது

"நல்லாக் கழுவிட்டேன்" என்பதில்தான் சிக்கல். குடிநீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த நல்ல தண்ணீரில் வெறும் 100 மில்லி கேன் அடியில் தங்கினாலே 7.5 மில்லிகிராம். 10 லிட்டர் டெஃப் சுமார் 10.9 கிலோ, அதில் மொத்தமே 5.45 மில்லிகிராம்தான் அனுமதி. அரை டம்ளர் தண்ணீர் பத்து லிட்டரைக் கெடுத்துவிடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முன்பு டெஃப் மட்டுமே வைத்த கேனாக இருக்கட்டும். பேட்டரிக்கு விடுகிற டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கடைசியாகக் கொஞ்சம் டெஃபையே ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள்.

டீசல் புனல்

வேண்டவே வேண்டாம். டெஃபுக்கென்று தனி பிளாஸ்டிக் புனல், மூடிய கவரில். ஒட்டியிருக்கிற சில சொட்டு டீசல் போதும், டெஃப் சிஸ்டத்தின் ரப்பர் சீல்கள் ஊத ஆரம்பிக்கும்.

பித்தளைக் குழாய், ஜிஐ டிரம், அலுமினியக் குடம்

டெஃப் இவற்றை அரிக்கும். அரித்துக் கரைந்த உலோகம் கேட்டலிஸ்டுக்குப் போகும். ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் அல்லது 304, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும்.

இஞ்சினை நிறுத்தியதும் பேட்டரி கட்-ஆஃப் போடுவது

சாவியை எடுத்த பிறகும் டெஃப் பம்ப் கொஞ்ச நேரம் ஓடும், லைனில் மிச்சமிருப்பதை டேங்குக்குத் திரும்ப இழுக்கும். அதை நடுவில் வெட்டினால் லைனிலேயே காய்ந்து கட்டியாகும். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

எமுலேட்டர் பாக்ஸ்

டெஃப் சிஸ்டம் சரியாக வேலை செய்வதாக வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிற பெட்டி இது. சட்டவிரோதம். வாரண்டியும் போகும்.

சிந்தியதை அப்படியே விடுவது

ஈரமாக இருக்கும்போது ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். காய்ந்தால் வெள்ளைப் பொரியாக உட்கார்ந்து, கனெக்டருக்குள் புகுந்தால் தாமிரப் பின்னைப் பச்சையாக அரிக்கும். காய்ந்ததை கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்தால் கரைந்து வரும். நிரப்புவாயைச் சுற்றியிருப்பதை மூடியைத் திறப்பதற்கு முன்பே துடையுங்கள். அந்தப் பொரியில் ரோட்டுத் தூசி ஒட்டியிருக்கும், திறந்த பிறகு துடைத்தால் அது நேராக டேங்குக்குள் விழும்.